ஒரே ஓர் எழுத்து

தமிழ் மொழியில் ஒரு விசேஷம் உண்டு. கடிதத்தையும் எழுதுகிறோம், சித்திரத்தையும் எழுதுகிறோம், குழந்தையின் கண்ணுக்கு மையும் எழுதுகிறோம். நம் முன்னோர் இவை எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை வைத்தது சிக்கனத்துக்காக அல்ல. மனத்தில் உள்ளதைக் கை வழியாக வெளியே கொண்டுவருவது எல்லாம் ஒரே வித்தை என்பது அவர்கள் கருத்தாக இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையோ அவ்விரண்டையும் தாயாதிகளைப்போல் பிரித்து வைத்துவிட்டது. கட்டுரைக்குக் காலைப் பொழுதில் ஒரு மணி; சித்திரத்துக்கு வெள்ளிக்கிழமை மாலையில் கடைசி மணி. அந்தக் கடைசி மணியையும், "கணக்குப் பாடம் பாக்கி இருக்கிறது" என்று சொல்லி இன்னொருவர் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக நாம் கண்டதில்லை.

இந்த வாரம் நாம் எழுதப் புகுந்த விஷயம், வழி காட்டிய பெண்மணிகளைப் பற்றிச் சிறு குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது. ஆண்டுதோறும் மார்ச் 8-ஆம் தேதி வருகிறது. பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் போட்டி, சித்திரப் போட்டி எல்லாம் நடக்கின்றன. அவற்றைத் திருத்தும் பாக்கியம் பல வருஷங்களாக நமக்குக் கிடைத்து வருகிறது. கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: "இவர் பிறந்தார், படித்தார், பாடுபட்டார், புகழ் பெற்றார். நாமும் இவரைப்போல் ஆகவேண்டும்." ஒரு கட்டுரையில் உள்ள பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரை வைத்தாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிராது. சித்திரங்களோ, புத்தகத்தில் உள்ள முகத்தின்மேல் கட்டம் போட்டுப் பார்த்து எழுதியவை. முகத்தைச் சுற்றி ஒரு மாலை. கீழே ஒரு குத்துவிளக்கு. உயிரோடு இருந்து உழைத்த ஒரு பெண்மணியைக் குழந்தை அறிந்துகொள்வதற்கு முன்பே சுவரில் மாட்டிவிடுகிறோம்.

பிறரைக் குறை கூறுவதாக வாசகர்கள் நினைக்க வேண்டாம். அப்படிக் கட்டம் போடச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களில் நாமும் ஒருவர். நம் கண்ணைத் திறந்துவிட்டது, நாமே செய்த ஒரு தவறுதான்.

ஐந்தாம் வகுப்பிலே ஒரு நாள், "ஓர் என்ஜினீயர் வேலை செய்வதைச் சித்திரமாக எழுதுங்கள்" என்று சொன்னோம். ஆணா, பெண்ணா என்று சொல்லவில்லை. முப்பத்துநான்கு குழந்தைகளில் முப்பத்தொரு பேர், தலையில் தொப்பி வைத்த ஆண்பிள்ளை ஒருவரையே எழுதியிருந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள் தங்கள் சித்தியையோ அத்தையையோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மீதி ஒரு சித்திரத்தில், பாதி எழும்பிய ஒரு கட்டடம், சாரம், சிமெண்டுக் கலவைச் சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறுகிற ஒரு சித்தாள், பக்கத்தில் மணல் மேடு, அதன்மேல் ஏதோ ஒரு சிறு உருவம். அந்தச் சிறுமியின் தாயார் கட்டட வேலைக்குப் போகிறவள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும், கேட்ட கேள்விக்கு விடை இல்லையே என்ற ஆசிரியப் புத்தியினால், சிவப்பு மையில், "என்ஜினீயர் எங்கே?" என்று அந்தச் சித்திரத்தின்மேலேயே எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தொரு ஆண்பிள்ளைகளைப் பார்த்தபோது, முன்பு படித்த ஓர் ஆராய்ச்சி நினைவுக்கு வந்தது. டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர், 4,807 குழந்தைகளை ஒரு விஞ்ஞானியின் படத்தை எழுதச் சொல்லி, அதன் முடிவை 1983-இல் வெளியிட்டார். அத்தனை படங்களிலும் பெண் விஞ்ஞானியின் படங்கள் 28 தான். அந்த 28-ஐயும் எழுதியவர்கள் பெண் குழந்தைகளே. ஒரு பையன்கூட இல்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் நடந்த இத்தகைய சோதனைகளை எல்லாம் தொகுத்து 2018-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நிலைமை நல்லபடியாக மாறி வருகிறது என்று அது சொல்லுகிறது. ஆனால் அதிலேயே கவலைப்பட வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் ஆணையும் பெண்ணையும் ஏறக்குறையச் சமமாகவே எழுதுகிறார்கள். வயது ஏற ஏற, படத்திலிருந்து பெண் மறைந்துகொண்டே போகிறாள். அதாவது, குழந்தை பிறக்கும்போதே இந்த எண்ணத்தைக் கொண்டுவருவதில்லை. நம் வீடும், தெருவும், பாடப் புத்தகமும் சேர்ந்து சில வருஷங்களில் கற்பித்துவிடுகின்றன. கற்பித்தவர்கள் நாம் என்றால், அதைத் திருத்த வேண்டியவர்களும் நாம்தானே? அதற்குத் தக்க பருவம் ஆரம்பப் பள்ளிப் பருவமே.

இதன் பிறகு நாம் கைக்கொண்ட முறைகளை இங்கே சொல்லுகிறோம். வீட்டிலும் இவற்றைச் செய்து பார்க்கலாம், செலவு அதிகமில்லை.

முதலாவது, முகத்தை எழுதச் சொல்லாமல், அவர்கள் கையாண்ட பொருளை எழுதச் சொல்லவேண்டும். அடையாற்றில் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-இல் திறக்கப்பட்டபோது, அதில் இருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய தங்கையைக் கொண்டுபோனது அந்த நோய்தான். இதைச் சொல்லிவிட்டு, "பன்னிரண்டு படுக்கைகளை எழுதுங்கள்" என்றோம். ஒரு பையன் பதின்மூன்றாவது படுக்கை ஒன்றை வாசலில் எழுதினான். "இது எதற்கு?" என்று கேட்டதற்கு, "பதின்மூன்றாவது ஆள் வந்தால் என்ன செய்வார்கள்?" என்றான். முத்துலக்ஷ்மி ரெட்டியின் வாழ்க்கையை ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திராது.

சகோதரி சுப்புலக்ஷ்மியைச் சொல்லும்போது, சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸை எழுதச் சொன்னோம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கட்டிய கட்டடம் அது. குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சுப்புலக்ஷ்மி, 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு வருஷமே, தம்மைப்போல் விதவைகளான நான்கு சிறுமிகளை வைத்துக்கொண்டு ஒரு விடுதியைத் தொடங்கினார். அது வளர்ந்து பிற்பாடு ஐஸ் ஹவுஸில் இடம் பெற்றது. பனிக்கட்டி இருந்த இடத்தில் பெண்கள் பாடம் படித்தார்கள் என்றவுடன் குழந்தைகளுக்கு ஒரே குதூகலம். குதூகலத்தோடு கேட்ட செய்தி மறக்காது.

இரண்டாவது, எழுதுகோல் இரண்டு வேண்டும். நமக்கு உறுதியாகத் தெரிந்ததைக் கறுப்புப் பென்சிலால் எழுதவேண்டும்; "இப்படி இருந்திருக்கும்" என்று நாமாக நினைப்பதை நீலப் பென்சிலால் எழுதவேண்டும். பெரியவர்களின் வாயில் இல்லாத வார்த்தைகளைப் போட்டு, அவற்றை மேற்கோள் குறிக்குள் அடைத்து, உண்மை என்று உலாவ விடுகிற வழக்கம் இக்காலத்தில் மிகவும் பெருகிவிட்டது. அதற்கு மருந்து குழந்தைப் பருவத்திலேயே கொடுக்கவேண்டும். கற்பனையை நாம் தடுக்கவில்லை. அதற்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

மூன்றாவது, "முதல்" என்னும் சொல்லை அளந்து வழங்கவேண்டும். முத்துலக்ஷ்மி ரெட்டியை, "இந்தியாவின் முதல் பெண் டாக்டர்" என்று எழுதாத கட்டுரை அபூர்வம். அது சரியல்ல. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும், காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் 1886-ஆம் வருஷத்திலேயே வைத்தியப் பட்டம் பெற்றுவிட்டார்கள். அதே 1886 ஜூலை மாதத்தில்தான் புதுக்கோட்டையில் முத்துலக்ஷ்மி பிறந்தார். ஆகஸ்டு மாதத்தில் சுப்புலக்ஷ்மி பிறந்தார். வகுப்பிலே துணி உலர்த்தும் கயிறு ஒன்றைக் கட்டி, வருஷங்களை எழுதிச் சித்திரங்களைக் கிளிப்பால் மாட்டினோம். 1886 என்ற ஓர் இடத்தில் மட்டும் நான்கு சித்திரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்கின! முத்துலக்ஷ்மிக்கு இதனால் பெருமை குறைந்ததா? இல்லை. பையன்கள் படித்த புதுக்கோட்டைக் கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் கொடுத்த அனுமதியின்மேல் சேர்ந்து படித்ததும், 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றதும், சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினராகி அதன் உபதலைவராகவும் ஆனதும், காந்திஜி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930-இல் அந்தப் பதவியைத் துறந்ததும் அவருடைய சொந்தச் சொத்துக்கள். பிறர் சொத்தைச் சேர்த்துக் கொடுத்துத்தான் அவரை உயர்த்த வேண்டும் என்பதில்லை.

நான்காவது, சித்திரமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று உதவி செய்யவேண்டும். இதற்கு அன்னா மணியின் வாழ்க்கை மிகவும் பொருத்தமானது. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டில் வைரத் தோடு கொடுக்க வந்தபோது, அது வேண்டாம், என்ஸைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட குழந்தை. பிற்காலத்தில் புனாவில் வானிலை இலாகாவில் வேலை பார்த்தபோது, மழை, காற்று, வெயில் முதலியவற்றை அளக்கும் சுமார் நூறு கருவிகளுக்கு ஒரே சீரான வரைபடங்களைத் தயார் செய்து, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். வரைபடம் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஓர் ஊரில் செய்த மழைமானி ஒரு கணக்கும், மற்றோர் ஊரில் செய்தது வேறு கணக்கும் சொல்லும்; இரண்டு ஊர் மழையையும் ஒப்பிட முடியாது.

இதைக் குழந்தைகளுக்கு விளக்க ஒரு விளையாட்டு வைத்தோம். ஒரு குழந்தை தன் வீட்டுத் தம்ளரை அளந்து, படம் இல்லாமல் வார்த்தைகளால் மட்டும் ஒரு தாளில் எழுதவேண்டும். அடுத்த குழந்தை அந்தத் தாளைப் படித்து, தம்ளரைப் பார்க்காமலே சித்திரம் எழுதவேண்டும். முதல் நாள் வந்த சித்திரங்களில் சில தம்ளர்கள் அண்டாவைப்போல் இருந்தன. "கொஞ்சம் உயரம்" என்றால் எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அங்குலமும் சென்டிமீட்டரும் தாமாகவே கட்டுரைக்குள் நுழைந்துவிட்டன. தெளிவாக எழுதுவது என்றால் என்ன என்பதை இலக்கண வகுப்பில் நாம் ஒரு வருஷம் சொல்லியும் ஏறாதது, ஒரு தம்ளரால் ஏறிற்று. பிறகு, பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதினார்கள். வானிலை இலாகா மழையைக் கணக்கெடுப்பதும் அதே நேரத்தில்தான் என்று சொன்னபோது, அவர்கள் முகத்தில் தோன்றிய உத்தியோகக் களையைப் பார்க்க வேண்டுமே!

கடைசியில், லலிதாவின் கதைக்கு வந்தோம். இதைக் கடைசியில் வைத்துக்கொண்டதற்குக் காரணம், நம்முடைய சிவப்பு மைதான்.

அய்யலசோமயாஜுல லலிதா 1919-இல் சென்னையில் பிறந்தார். பதினைந்தாவது வயதில் கல்யாணம். 1937-இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. கையில் நான்கு மாதக் குழந்தை. அக்காலத்து வழக்கப்படி, வாழ்க்கை அத்துடன் முடிந்ததாக ஊரார் நினைத்திருப்பார்கள். அவருடைய தகப்பனார் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியர். 1794-இல் சர்வே பள்ளிக்கூடமாகத் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில் அதுவரையில் பெண்கள் சேர்ந்து படித்ததில்லை. 1940-இல் லலிதா அங்கே மின்சார என்ஜினீயரிங் படிப்பில் சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து திரேஸ்யா, லீலம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவில் என்ஜினீயரிங்கில் சேர்ந்தார்கள். யுத்த காலமாகையால் படிப்புக் காலம் குறுக்கப்பட்டு, மூவரும் ஒன்றாகவே தேறி வெளிவந்தார்கள். லலிதா பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணைக்கட்டின் மின்சார ஜெனரேட்டர் வேலைகளில் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மகாநாட்டுக்கும் போய் வந்தார். திரேஸ்யாவோ 1971-இல் கேரள ராஜ்யத்துப் பிரதம என்ஜினீயர் பதவியை அடைந்தார்.

குழந்தைகளை அதிகமாகக் கவர்ந்தது அணைக்கட்டு அல்ல, ஒரு காகிதம். லலிதாவுக்குக் கொடுக்கவேண்டிய பட்டச் சான்றிதழில், அதைப் பெறுகிறவரைக் குறிக்கும் இடத்தில், "அவன்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. பெண் ஒருத்தி வந்து நிற்பாள் என்று அச்சடித்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "அவள்" என்று திருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. "அவன்" என்பதற்கும் "அவள்" என்பதற்கும் தமிழிலே ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆங்கிலத்திலும் முன்னால் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். அந்த ஓர் எழுத்துக்காக நூற்றைம்பது வருஷம் ஆயிற்று என்று கரும்பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுக் காட்டினோம். பிறகு, அந்தச் சான்றிதழை மனத்தால் பார்த்து எழுதச் சொன்னோம். அடித்த கோட்டை எல்லோரும் மிகவும் அழுத்தமாக எழுதினார்கள். ஒரு பையன் தாளையே கிழித்துவிட்டான்.

அந்தச் சிறுமி மட்டும் புதுத் தாள் வாங்கவில்லை. நான்காக மடித்து வைத்திருந்த பழைய சித்திரத்தைப் பையிலிருந்து எடுத்து, ஏதோ எழுதி, மணி அடித்ததும் நம் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். "என்ஜினீயர் எங்கே?" என்ற நம்முடைய சிவப்புக் கேள்விக்குக் கீழே நீலப் பென்சிலில் பதில் எழுதியிருந்தது: "மணல் மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள்."

அப்போதுதான் அந்தச் சிறு உருவத்தை நாம் நன்றாகப் பார்த்தோம். ஒரு சிறு பெண். எதிரே மணலால் கட்டிய ஒரு வீடு. அதற்கு வாசல், ஜன்னல், மாடிப்படி எல்லாம் இருந்தன. படிகளைக்கூட எண்ணிக் கட்டியிருந்தாள். முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்தது. இத்தனை வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கறுப்புப் பென்சிலை விட்டு நீலப் பென்சிலால் அவள் பதில் எழுதியிருந்ததையும் கவனித்தோம். நாம் சொன்ன விதியை அவள் மறக்கவில்லை. இன்னும் நடக்காத காரியம் அல்லவா?

இரண்டு வாரங்கள் கழித்து, அவளுடைய தாயார் டி.சி. வாங்கிக்கொண்டு போக வந்தாள். "மேஸ்திரி வேற ஊர்ல வேலை எடுத்திருக்காரு, டீச்சரம்மா. குடும்பத்தோட போறோம். அங்கே போய்ச் சேர்த்துக்கிறோம்" என்றாள். இத்தகைய இடமாற்றங்களில் நடுவருஷத்தில் வெளியேறுகிற குழந்தைகள் எல்லோரும் அடுத்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பது நம்முடைய அனுபவம். உபதேசம் செய்ய வாய் திறந்தோம். பிறகு மூடிக்கொண்டு, அந்தச் சித்திரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தோம். சட்டி தூக்குகிறவள் தான்தான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வெட்கத்தோடு சிரித்தாள். "கீழே என்னமோ எழுதியிருக்கே, என்னங்க அது?" என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பையும் நீலத்தையும் படித்துக் காட்டினோம்.

சற்று நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பரீட்சை வரைக்கும் ஆயா வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றாள். அதற்கப்புறம் என்ன என்று நாமும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. கைநாட்டு வைக்காத அந்த மனு இன்னும் நம் மேஜை அறையில் கிடக்கிறது. குழந்தை தினமும் வகுப்புக்கு வருகிறாள். பரீட்சைக்குப் பிறகு மறுபடியும் அந்த மனு வெளியே வரக்கூடும். அப்போது பேசுவதற்கு வேண்டிய வார்த்தைகளை நாம் இப்போதே சேகரித்துக்கொண்டிருக்கிறோம்.

வாசக நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாள் ஒன்றில் உங்கள் குழந்தையை உட்கார்த்தி வைத்து, "நம் குடும்பத்தில் முதன்முதல் கையெழுத்துப் போட்ட பெண் யார்?" என்று கேளுங்கள். அது கொள்ளுப்பாட்டியாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், சில வீடுகளில் அந்தக் குழந்தையே அந்த முதல் பெண்ணாக இருக்கலாம். பாட்டி உயிரோடிருந்தால் அவளிடமே விசாரிக்கச் சொல்லுங்கள். அவள் எந்தத் திண்ணையில் படித்தாள், எந்த வயதில் நிறுத்தினார்கள், நிறுத்தியபோது பாதியில் நின்ற பாடம் எது என்று கேட்டுக் கறுப்புப் பென்சிலில் எழுதட்டும். அவளுடைய கையைச் சித்திரமாக எழுதட்டும். முத்துலக்ஷ்மியும் லலிதாவும் அன்னா மணியும் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல, இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களே என்பது அப்போது குழந்தைக்குத் தானே விளங்கும்.

ஆண் குழந்தைகளை இதிலிருந்து ஒதுக்கிவிட வேண்டாம். அந்த 28 படங்களில் ஒன்றுகூடப் பையன் எழுதியதல்ல என்பதை நினைவில் வையுங்கள். பதின்மூன்றாவது படுக்கையை எழுதியவனும் ஒரு பையன்தான்.

சிவப்பு மை விஷயமாக ஒரு வார்த்தை. கணக்குக்கும் எழுத்துப் பிழைக்கும் அதை இன்னும் உபயோகித்துத்தான் வருகிறோம். சித்திரத்தின்மேல் மட்டும் இப்போது எழுதுவதில்லை. கேட்கவேண்டியது ஏதாவது இருந்தால், குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இது யார், அம்மா?" என்று கேட்டுவிடுகிறோம்.